டாக்டரம்மாவுக்குக் கிடைத்த ஓ.டி.

லிஃப்ட் கதவு மூடியதும் டாக்டரம்மா மூலையில் சாய்ந்து தூங்கிவிடுவார். தரைத்தளத்திலிருந்து நாலாவது மாடிக்கு நாற்பது விநாடி. அந்த நாற்பது விநாடியும் அசல் தூக்கம். கழுத்து தொங்காது, கையிலிருக்கும் ரத்தக் குப்பிகள் சரியாது. கதவு திறக்கும் முன் லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமுவார். "டாக்டரம்மா, நாலு." சட்டென்று கண் திறக்கும். "தூங்கலண்ணே, சும்மா யோசிச்சிட்டிருந்தேன்" என்பார். இரண்டரை வருடமாக இதே பதில்தான். லிஃப்ட்காரரும் இரண்டரை வருடமாக நம்பிய மாதிரியே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வயது இருபத்தொன்பது. டாக்டருக்குப் படித்து முடித்து, அதற்கு மேல் அறுவைச் சிகிச்சை நிபுணராக மூன்று வருட மேற்படிப்பு. படிப்பு என்று பேர்தான், பார்ப்பதெல்லாம் வேலை. காலை ஆறு மணிக்கு வார்டுக்குள் போனால் மறுநாள் மாலை ஆறு மணிக்கு வெளியே வருவார். இதற்காகவே பாதத்தைவிட அரை அளவு பெரிய செருப்பு வாங்குகிறார். ஏனென்று கேட்டால், "ரெண்டாம் நாள் கால் வீங்கும்ல, அப்ப கரெக்டா இருக்கும்" என்று துணிக்கடையில் பேசுவதுபோலச் சொல்வார். கோட்டின் இடது பையில் பிஸ்கட் பாக்கெட்டும் தையல் நூலும். வலது பையில் நாலு பேனா, ஒரு சின்ன ஸ்கேல். பேனா ஏன் நாலென்றால், ஆஸ்பத்திரியில் பேனா இரவல் கேட்காத ஜீவன் கிடையாது.

தையல் நூலுக்கும் ஒரு கதை உண்டு. கை சும்மா இருந்தால் எதிலாவது முடிச்சுப் போட்டுக்கொண்டே இருப்பார். கட்டில் கம்பி, நாற்காலிக் கை, டீக் கோப்பையின் காது, எது கிடைத்தாலும் சரி. ஒற்றைக் கையால், கண்ணால் பார்க்காமல், வரிசையாகப் பத்து முடிச்சு. தரை துடைக்கும் அக்காமார்கள் அந்த நூலை வைத்தே அவர் எந்த வார்டில் எவ்வளவு நேரம் நின்றார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். "இங்க இருபது முடிச்சு இருக்கு. பாவம், ரொம்ப நேரம் எக்ஸ்ரேக்குக் காத்திட்டிருந்திருக்கு."

முடிச்சு கைவந்துவிட்டது. ஆனால் போடுவதற்கு வயிறு கிடைக்கவில்லை. அதுதான் அவருடைய குறை.

அறுவை அரங்கில் மேசைக்கு வலப்பக்கம் நிற்பவர்தான் அறுப்பவர். இடப்பக்கம் நிற்பவர் உதவியாளர். திறந்த வயிற்றின் ஓரத்தை ரிட்ராக்டர் என்ற பெரிய கொக்கியால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கை மரத்துப்போகும்வரை நிற்பது அவர் வேலை. டாக்டரம்மா பிடித்த பிடியில் வலது கட்டைவிரலடியில் காய்ப்பே விழுந்துவிட்டது. வலப்பக்கம் எப்போதும் துறைத்தலைவர்தான் நிற்பார். எல்லோருக்கும் அவர் 'சீஃப்'. கெட்ட மனிதர் என்று சொல்ல நாக்கு வராது. கை அவ்வளவு சுத்தம். நர்ஸ் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார், உள்ளங்கையை விரித்து நீட்டினால் போதும், வேண்டிய கருவி அதில் வந்து விழும். ஆனால் வெளியே நாற்பது பேர் வரிசையில் காத்திருப்பார்கள். தானே செய்தால் ஒரு மணி நேரம், மாணவியைச் செய்யவிட்டு நின்றால் இரண்டு மணி நேரம். டாக்டரம்மா, "சார், இன்னிக்கு நான்..." என்று ஆரம்பிக்கும் முன்பே, "நாளைக்குப் பாக்கலாம்மா" என்று முடித்துவிடுவார். அந்த நாளை வந்தபாடில்லை.

இனி அந்த நோட்டு. மேற்படிப்புக்காரர் ஒவ்வொருவருக்கும் பல்கலைக்கழகம் ஒரு தடித்த நீல நோட்டுத் தரும். பார்த்த அறுவை, உதவிய அறுவை, தன் கையால் செய்த அறுவை என்று மூன்று கட்டங்கள். ஓரத்தில் 'பிற பணிகள்' என்று ஒரு கடைசிக் கட்டம். 'செய்தது' என்ற கட்டத்தில் நாற்பது சேர்ந்தால்தான் இறுதிப் பரீட்சை எழுதலாம். இல்லாவிட்டால் ஒரு வருடம் போச்சு. முதல் நாளே அலுவலகக் கிளார்க் கண்டிப்பாகச் சொன்னார்: "ஒரு கட்டமும் காலியா இருக்கக் கூடாது. காலியா இருந்தா கையெழுத்து ஆகாது."

அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னது. டாக்டரம்மா வேதவாக்காக எடுத்துக்கொண்டார். 'பிற பணிகள்' என்பது கருத்தரங்கு, சொற்பொழிவு வகையறாவுக்கான கட்டம். இவரோ நடந்ததை நடந்தபடி எழுதினார். 'ஸ்ட்ரெச்சர் தள்ளியது: 6. ரத்தக் குப்பி லேபுக்குக் கொண்டுபோனது: 14. தொலைந்த எக்ஸ்ரே தேடியது: ஒரு மணி நாற்பது நிமிடம். கிடைத்த இடம்: எக்ஸ்ரே அறை.' சரி, 'செய்தது' கட்டத்தில் என்ன எழுதுவது? காலியாக விடக் கூடாதே. சீஃப் சொன்னதையே எழுதினார்: 'நாளை'.

இரண்டாம் வருடம்தான், அந்தக் கடைசிக் கட்டத்தை யாருமே நிரப்புவதில்லை என்று தெரிந்தது. அதற்குள் கை பழகிவிட்டது, பிடிவாதமும் கூடவே ஏறிவிட்டது. கூடப் படிக்கும் தாடிக்காரர் நோட்டைப் புரட்டிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இது நோட்டு இல்ல, உங்கப்பாவோட ட்ரிப் ஷீட்டு!" அன்றிலிருந்து விடுதியில் அவருக்கு 'ட்ரிப் ஷீட்' என்றே பட்டம்.

அப்பா ஒரு தொழிற்சாலையின் ஆள்களை ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ்ஸின் ஓட்டுநர். ஒவ்வொரு நடைக்கும் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், ஓடிய தூரம் எல்லாம் ட்ரிப் ஷீட்டில் எழுதியாக வேண்டும். இரண்டு நடைக்கு நடுவில் பஸ்ஸை ஆஸ்பத்திரி வாசலில் ஓரங்கட்டிவிட்டு மகளைப் பார்க்க வருவார். மகள் பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்ததுமே கண் சொருகும்.

"எட்டு மணி நேரத்துக்கு மேல எங்கள ஸ்டியரிங்கயே தொட விடமாட்டாங்கம்மா. தூக்கக் கலக்கத்துல நாப்பது பேரப் பள்ளத்துல எறக்கிடுவோமாம். ஒன்ன மட்டும் எப்படி முப்பத்தாறு மணி நேரம் விடறாங்க?"

"நான் ஒரு நேரத்துல ஒருத்தரத்தானேப்பா எறக்க முடியும்" என்றார் மகள், கண்ணைத் திறக்காமலே.

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேச்சை மாற்றினார். "சரி, இவ்வளவு நேரம் வேல பாக்கறியே, ஓ.டி. குடுக்கறாங்களா?"

"அதத்தாம்ப்பா நானும் ரெண்டரை வருஷமா கேட்டுட்டிருக்கேன். தரமாட்டேங்கறாங்க."

"அடப்பாவிகளா! ஓ.டி. கூடவா தரமாட்டாங்க?"

அவர் கேட்டது ஓவர்டைம் சம்பளம். மகள் சொன்னது ஆபரேஷன் தியேட்டர். இருவரும் ஒரே இரண்டெழுத்தை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு துக்கத்தைப் பேசிவிட்டுப் பிரிந்தார்கள். மறுநாள் பஸ் நிறுத்துமிடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: டாக்டர் பொண்ணுக்கு ஓ.டி. இல்லையாம்! ஓட்டுநர்கள் எல்லோரும் பல்லைக் கடித்தார்கள். அப்பா நினைத்த அர்த்தத்திலும் அது பொய்யில்லை. மாதாமாதம் வர வேண்டியது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தது. அதற்குப் பெயர் உதவித்தொகை. யார் யாருக்கு உதவுகிறார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

பரீட்சைக்கு முன்னால் மற்றவர்கள் விடுதி அறையில் கூடி உட்கார்ந்து நோட்டை 'எழுதி முடிப்பது' அங்கே வழக்கம். ஒருவர் நோயாளி எண்ணைப் படிக்க, ஆறு பேர் அதையே 'செய்தது' கட்டத்தில் எழுதுவார்கள். ஒரே குடல்வாலை ஆறு பேர் தனித்தனியாக அறுத்த அதிசயம் உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. டாக்டரம்மா அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மூன்றாம் வருடத்தின் நடுவில் அவர் நோட்டில் 'செய்தது' ஒன்பதே ஒன்பது. அதுவும் கட்டியைக் கீறியது, கொழுப்பு உருண்டையை எடுத்தது போன்ற சில்லறை.

அப்போதுதான் ஆய்வுக் குழு வந்தது. துறைக்குப் பயிற்சி இடங்களைத் தொடர்ந்து கொடுக்கலாமா என்று பார்க்க வருகிறவர்கள். முதல் நாள் மாலை சீஃப் டாக்டரம்மாவைத் தன் அறைக்கு அழைத்தார். மேசைமேல் புத்தம்புதிய நீல நோட்டு. பக்கத்தில் கிளார்க், தன் பழைய வாக்கு இப்படி வந்து விடியும் என்று நினைக்காத முகத்தோடு.

"புதுசு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். இன்னிக்கே உக்காந்து அழகா எழுதிடும்மா. கடைசிக் கட்டத்துல கருத்தரங்கு, அது இதுன்னு ஏதாவது போடு."

"நேரம் இல்ல சார்" என்றார் டாக்டரம்மா. "எட்டுப் பேருக்குக் கட்டு மாத்தணும், பதினோரு பேருக்கு ரத்தம் எடுக்கணும். நடந்தத எழுதறதுக்கே தூக்கம் போகுது. நடக்காததையும் எழுதணும்னா ஒடம்பு தாங்காது சார்."

கிளார்க் இருமினார். சீஃபின் முகம் இறுகியது. "சீட்டு போச்சுன்னா எனக்கு மட்டும் இல்லம்மா நஷ்டம். உனக்கும் வருஷம் போகும்."

"தெரியும் சார்."

தெரியும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு வருடம். அப்பா இன்னும் ஒரு வருடம் அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ? லிஃப்டில் ஏறி மூலையில் நின்றார். கதவு மூடியது, நாற்பது விநாடி ஓடியது. லிஃப்ட்காரர் திரும்பிப் பார்த்துப் பதறிவிட்டார். "என்னாச்சு டாக்டரம்மா? தூங்கலியே?"

மறுநாள் குழுவின் தலைவி, நரைத்த கூந்தலும் கயிற்றில் தொங்கும் கண்ணாடியுமாக, நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஐந்து நோட்டு வேகமாகப் போயிற்று. ஆறாவதில் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பத்து நிமிடம் ஒரு பக்கத்தையும் விடாமல் படித்தார்.

"இங்க நெறைய ஆபரேஷனப் பண்ணியிருக்கறது இவர்தான் போலிருக்கே. யாரும்மா இந்த நாளை? வெளியிலருந்து வர்ற டாக்டரா?"

யாருக்கும் சிரிக்கத் தைரியம் இல்லை. டாக்டரம்மா எழுந்து நின்று, உள்ளது உள்ளபடி விளக்கினார். கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று சொன்னார்கள், அதனால் எழுதினேன், அவ்வளவுதான். தலைவி கடைசிக் கட்டத்துக்குப் போனார். பென்சிலால் ஓரத்தில் ஏதோ பெருக்கினார், கூட்டினார். வாரத்துக்குப் பதினேழு மணி நேரம் தள்ளுவதும் தூக்குவதும் தேடுவதுமாகவே போயிருந்தது.

"சார்," என்று சீஃப் பக்கம் திரும்பினார், "ஸ்ட்ரெச்சர் தள்றதுல இந்தப் பொண்ண யாரும் மிஞ்ச முடியாது. ஆனா எங்க பரீட்சைல அதக் கேக்கமாட்டோமே." பிறகு மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார்: "இவங்க மட்டும்தான் தள்றாங்களா? நீங்கல்லாம்?"

தாடிக்காரர்தான் முதலில் எழுந்தார். "எல்லாரும்தான் மேடம். நாங்க எழுதல, அவ்வளவுதான்." அடுத்தவர் எழுந்தார், அதற்கடுத்தவர் எழுந்தார். கடைசியில் அறையில் உட்கார்ந்திருந்தது சீஃபும் குழுவும் மட்டும்தான்.

அன்று மாலை சீஃப் அவரை வராந்தாவில் நிறுத்தினார். திட்டுவார் என்று டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏம்மா, நாளைக்குன்னு அத்தன தடவயா சொன்னேன்?"

"நூத்தி அறுபத்தி மூணு சார்."

"எண்ணினியா?"

"இல்ல சார். எழுதினேன்."

சீஃப் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

குழுவின் உத்தரவு மூன்றாம் வாரம் வந்தது. இடங்கள் தொடர வேண்டுமானால் வார்டுகளுக்கு எட்டு அட்டெண்டர்கள் போட வேண்டும். இருபத்து நாலு மணி நேரத்துக்கு மேல் யாரும் தொடர்ந்து வேலை பார்க்கக் கூடாது. உதவித்தொகை மாதத்தின் முதல் வாரமே தரப்பட வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் ஒரு அறுவை மேசை மேற்படிப்புக்காரர்களுக்கே, பெரியவர்கள் யாராவது கூட நின்று உதவ வேண்டும். பொய்க் கணக்கு நோட்டுகள் எல்லாம் அடித்துத் திருப்பித் தரப்பட்டன. அன்று மாலை விடுதியில் டாக்டரம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வராந்தாவைச் சுற்றி வந்தார்கள். அவர் அந்த நாற்காலியிலேயே தூங்கிவிட்டதாகத் தாடிக்காரர் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

அட்டெண்டர்கள் வந்த முதல் நாள் டாக்டரம்மா பழக்கத்தில் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துத் தள்ள ஆரம்பித்தார். புதிதாக வந்த அட்டெண்டரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வழிமறித்தார். "டாக்டர், உங்க வேலய நான் பாக்கறனா? என் வேலய எதுக்கு எடுக்கறீங்க? விடுங்க வண்டிய!" திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்ட முகத்தை அந்த அம்மா பார்த்ததே இல்லையாம்.

நாலு மாதம். துணைப் பேராசிரியர் கூட நின்று உதவ, குடலிறக்கம், குடல்வால், மறுபடி குடலிறக்கம் என்று எண்ணிக்கை ஏறியது. பத்து, பதினெட்டு, இருபத்தேழு. டீக் கோப்பைகளில் முடிச்சு குறைந்துகொண்டே வந்தது. இருந்தாலும் அவசரமாக வரும் பெரிய வயிறுகளைச் சீஃப் யாருக்கும் விட்டுத் தரவில்லை. நோட்டை ஒப்படைக்க வேண்டிய நாள் வந்தது. மாலை நாலு மணி கெடு. டாக்டரம்மாவின் கணக்கில் முப்பத்தொன்பது.

காலையில் வார்டில் தாடிக்காரர் காதருகே வந்தார். "போன வாரம் கட்டி ஒண்ணு கீறினோமே, அத நீ கீறினதா எழுதிடு. முப்பத்தொம்பதுக்கும் நாப்பதுக்கும் நடுவுல என்ன இருக்கு? ஒரு வரிதானே?"

"ஒரு வயிறு இருக்குடா" என்றார் டாக்டரம்மா.

அந்த வயிறு ஒன்பதரை மணிக்கு வந்து சேர்ந்தது. ரொட்டிக்கடைக்காரர் ஒருவர், விடியற்காலையிலிருந்து வலி, தொட்டால் வயிறு பலகை மாதிரி இருந்தது. குடலின் தொடக்கத்தில் புண் ஓட்டையாகியிருக்கிறது. உடனே திறந்து அடைக்க வேண்டும். ஆளும் பெரிய வயிறு, அவசரமும் பெரிய அவசரம். அதாவது, சீஃபின் வயிறு.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம், ரொட்டிக்கடைக்காரரைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். மிளகு அளவு ஓட்டை, ஒன்றே கால் மணி நேரத்தில் அடைபட்டது. எட்டாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். அடுத்த வாரம் வார்டு முழுவதற்கும் பன் கொண்டுவந்து கொடுத்தார். நோட்டு மூன்றே முக்காலுக்குக் கிளார்க்கின் மேசைக்குப் போயிற்று. கிளார்க் ஒவ்வொரு கட்டமாகத் தடவிப் பார்த்துவிட்டு, "எதுவும் காலியா இல்ல" என்று எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். மாலையில் டாக்டரம்மா போன் போட்டார்.

"அப்பா, ஓ.டி. குடுத்துட்டாங்கப்பா!"

"குடுத்துட்டாங்களா! எவ்வளவு நேரத்துக்கு?"

"ஒண்ணேகால் மணி நேரம்."

"அவ்வளவுதானா?" என்று இழுத்தார் அப்பா. பிறகு மகளின் குரலில் இருந்த பூரிப்பு அவருக்கும் தொற்றிக்கொண்டது. "சரி சரி, இனிமே நிறுத்தமாட்டாங்க. ஒரு தடவ குடுத்துட்டா அப்புறம் நிறுத்த முடியாது" என்றார். எந்த ஓ.டி. என்று மகள் திருத்தவில்லை.

இவ்வளவும் பிறகு நடந்தது. பத்து மணிக்கு அந்த அரங்கில் நடந்தது இதுதான். ரொட்டிக்கடைக்காரர் மயக்கத்தில் இருந்தார். டாக்டரம்மா வயிற்றைத் துடைத்து, பச்சைத் துணி விரித்து, பழக்கத்தில் இடப்பக்கமே நின்றிருந்தார். கை தானாகவே ரிட்ராக்டரை எடுத்திருந்தது. சீஃப் கை கழுவிவிட்டு வந்து, வழக்கம்போல வலப்பக்கம் நின்றார். நர்ஸ் கத்தியை எடுத்து, யாரிடம் நீட்டுவதென்று தெரியாமல் நடுவிலேயே பிடித்துக்கொண்டார். சுவரில் கடிகாரம் ஓடியது. ரொட்டிக்கடைக்காரரின் வயிற்றுக்கும் நாளை கிடையாது, நோட்டுக்கும் நாளை கிடையாது. அறையில் எல்லோருக்கும் அது தெரியும். டாக்டரம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்த வாய் அது.

சீஃப் வயிற்றைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எதிரே நிற்பவரைப் பார்த்தார்.

"நூத்தி அறுபத்தி நாலு வேணாம்" என்று முகமூடிக்குள் முணுமுணுத்தார். நோயாளியின் கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தார். "தள்ளிக்கோம்மா" என்று டாக்டரம்மாவின் கையிலிருந்த ரிட்ராக்டரை வாங்கித் தன் கையில் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா கால்மாட்டைச் சுற்றி வலப்பக்கம் போனார். ஒரு மூச்சு இழுத்து விட்டார். பிறகு, நர்ஸ் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்க்காமல், உள்ளங்கையை விரித்து நீட்டினார்.